ஓடுகிறவனும் நிற்கிறவளும்

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. சென்னையில் ஏரிகள் வற்றிப்போயிருந்த கோடை அது. அரக்கோணத்தைத் தாண்டிய பிறகு அந்த ரயில் மோசூர், திருவாலங்காடு, மணவூர் என்று எங்கள் ஸ்டேஷன்களைக் கடந்துதான் போயாக வேண்டும். கடந்தும் போனது. வடக்கே கொஞ்ச தூரத்தில் கொசஸ்தலையாறு ஓடுகிறது, அதாவது மழைக்காலத்தில் ஓடுகிறது. அது போய்ச் சேருகிற பூண்டி ஏரி 1944 முதல் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஏரியில் இல்லாதபோது எங்கள் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பதில் வரும்படி அதிகம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் படிப்பவனுக்கு, அதைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஒரு விஷயம் உறுத்தும். அந்த நாவலில் தண்ணீர் ஒரு குறியீடு என்பார்கள். அன்பின் வறட்சி, நகர வாழ்வின் வறட்சி, ஈரமற்ற மனம் என்று அடுக்குவார்கள். கல்லூரிப் பாடத்துக்கு வசதியான விளக்கம்தான். ஆனால் நாவலைத் திறந்தால் இருப்பதெல்லாம் குடம், பக்கெட், வராத குழாய், வந்தும் நிற்காத லாரி, யார் வீட்டுக் கிணற்றில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்ற தகவல், தோண்டிப் போட்ட தெரு, தோண்டிய இடத்தில் சேறு. குழாயில் ஒருவழியாகத் தண்ணீர் வருகிறபோது அதில் சாக்கடை கலந்திருக்கிறது. குடத்தோடு வரும் ஒரு கிழவி சேற்றில் விழுகிறாள். அவள் விழுந்த வலியும் சிந்திய தண்ணீரும் நாவலில் ஒரே கனத்தோடு வருகின்றன. தண்ணீர் சுமந்தவர்களுக்கு இது புரியும். குறியீடு தேடுகிறவர் அந்தக் கிழவியைத் தாண்டிப் போய்விடுவார்.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகமும் 1981இல் அதைப் பாலசந்தர் எடுத்த படமும் தண்ணீரை அரசியல் கேள்வியாக்கின. ஊர் திரண்டு எழுந்தது, அரசாங்கம் குறுக்கே நின்றது. அதற்குப் பத்தாண்டு முன்பே கணையாழியில் தொடராக வந்து 1973இல் புத்தகமான அசோகமித்திரனின் நாவலில் யாரும் திரள்வதில்லை. வரிசையில் நிற்கிறார்கள். நாளைக்கும் நிற்க வேண்டும் என்று தெரிந்தே நிற்கிறார்கள்.

இந்த வரிசையை அவருடைய இன்னொரு நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 1977இல் வந்த ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ அது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒன்று 1960களின் இறுதியில் சென்னையில் ஒரு தெரு, சில வாரங்கள், பெரும்பாலும் பெண்கள். மற்றது 1940களின் சிக்கந்தராபாத், ஒரு கல்லூரி மாணவன், கிரிக்கெட், சைக்கிள், ஐதராபாத்தை ஆண்ட நிஜாம், அவர் பக்கம் நின்ற ரஜாக்கர் படை, இந்திய ராணுவம். ஒன்று சின்ன நாவல். மற்றது ஒரு சமஸ்தானத்தின் வீழ்ச்சியை மடியில் வைத்திருக்கும் நாவல்.

எழுதியவரின் வாழ்க்கை இரண்டையும் எளிதாக இணைத்துவிடும். 1931இல் சிக்கந்தராபாத்தில் பிறந்து ரயில்வேக் குடும்பத்தில் வளர்ந்தவர், இருபத்தோரு வயதில் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் 1966 வரை வேலை பார்த்தவர். முதல் பாதி வாழ்க்கை ஒரு நாவலுக்கும் இரண்டாம் பாதி இன்னொன்றுக்கும் போயிற்று என்று சொல்லி முடித்துவிடலாம். அது சரிதான், ஆனால் அதில் ஒன்றும் கிடைக்காது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு நாவலிலும் நெருக்கடி உச்சத்துக்கு வருகிற இடத்தில் ஒரு பெண் தன் உடம்பைக் கொடுத்து எதையோ காப்பாற்றவோ அடையவோ பார்க்கிறாள். அதற்கு நாவல் என்ன பதில் சொல்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

முதலில் அட்சக்கோடு. சந்திரசேகரன் லான்சர் பாரக்ஸ் என்ற ரயில்வே குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன். பக்கத்து வீட்டில் காஸிம் குடும்பம். ஆங்கிலோ இந்தியர்கள், தெலுங்கர்கள், உருது பேசுகிறவர்கள் நடுவே தமிழ் பேசும் வீடு ஒரு சின்னத் தீவு. நாவலின் பெரும்பகுதி அவன் சைக்கிளில் போவதும் கிரிக்கெட் ஆட இடம் தேடுவதும் வீட்டு வேலை பார்ப்பதும் கல்லூரிக்குப் போவதும் போகாமல் இருப்பதுமாகவே நகர்கிறது. 1947 ஆகஸ்ட் 15 வருகிறது, ஆனால் அவன் இருக்கும் ஊருக்கு வரவில்லை. நவம்பரில் நிஜாமுக்கும் டெல்லிக்கும் இடையே ஓராண்டுக்கு நிலைமை அப்படியே தொடர ஒப்பந்தம் ஆகிறது. மாணவர்கள் வகுப்பைப் புறக்கணிக்கிறார்கள். அவனும் புறக்கணிக்கிறான், பாதி கொள்கையால், பாதி எல்லோரும் போகிறார்களே என்ற கூச்சத்தால். அகதிகள் வந்து சேர்கிறார்கள். காந்தி சுடப்படுகிறார். 1948 செப்டம்பர் 13 தொடங்கி ஐந்தே நாட்களில் ராணுவ நடவடிக்கை முடிந்து ஐதராபாத் இந்தியாவோடு சேர்கிறது.

இந்த வரிசையில் ஒரு தேதியைக்கூட அசோகமித்திரன் நிறுத்திப் பேசுவதில்லை. ஒரு போர்க்காட்சி இல்லை, ஒரு தலைவரின் அருகாமை இல்லை. செய்தி வானொலியில் வருகிறது, வதந்தியாக வருகிறது, கடை அடைத்திருப்பதாக வருகிறது. சென்னையில் வறட்சியும் அப்படித்தான் வருகிறது. மழை பொய்த்தது, ஏரி வற்றியது என்று நாவல் அறிவிப்பதில்லை. விடியற்காலையில் பம்பை அடித்தால் காற்றுதான் வருகிறது. பெரிய சரித்திரம் சின்ன வேலைகளைக் கெடுக்கும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது என்பது அவருடைய கட்சி. ஆட முடியாமல் போன மேட்ச், காலியான குடம். வாழ்க்கையில் பெரும்பாலானவர்களுக்குச் சரித்திரம் இப்படித்தான் தெரிந்திருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு அவரை ‘மௌனத்தின் எழுத்தாளர்’ என்று சொல்வது நம் சிறுபத்திரிகைகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நாவல்கள் சத்தம் நிறைந்தவை. ‘தண்ணீர்’ முழுக்கப் பேச்சு. வீட்டுக்காரம்மாவின் பேச்சு, தெருப் பேச்சு, லாரிக்காரனோடு சண்டை. அட்சக்கோட்டில் நான்கைந்து மொழிகளின் இரைச்சல். அவர் அடக்குவது விளக்கத்தை மட்டும்தான். உவமை கிடையாது என்றே சொல்லிவிடலாம். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். அடுத்த வாக்கியத்தில் அடுத்த செயல். இரண்டுக்கும் நடுவே ‘ஆகவே’ வராது. அந்த ‘ஆகவே’யை வாசகர் போட்டுக்கொள்ள வேண்டும், போட்டுக்கொண்ட பிறகு அதற்கான பொறுப்பும் அவருடையதாகிவிடும். நகைச்சுவையும் அங்கேதான் பிறக்கிறது. அசோகமித்திரனின் சிரிப்பைப் பற்றிப் பேசாமல் அவருடைய சோகத்தை மட்டும் பேசுகிற கட்டுரைகளை எழுதியவர்கள், சந்திரசேகரன் தேசபக்தனாக முயலும் பக்கங்களை அவசரமாகப் படித்திருக்க வேண்டும்.

அட்சக்கோட்டில் நடை சார்ந்த ஒரு துணிச்சல் உண்டு. சில பகுதிகள் ‘நான்’ என்று வருகின்றன, சில பகுதிகள் ‘சந்திரசேகரன்’ என்று வருகின்றன. மாறுகிற இடத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லை. முதலில் இது அச்சுக்கோளாறு மாதிரி இருக்கும். போகப்போகத் தெரியும், அவன் தன்னைத் தானே பார்க்கிற நேரமும் ஊர் அவனைப் பார்க்கிற நேரமும் மாறி மாறி வருகின்றன என்று. தெருவில் கலவரம் நடக்கும்போது ஒருவன் தான் யார் என்பதைவிட, பார்க்கிறவனுக்குத் தான் யாராகத் தெரிகிறோம் என்றுதான் முதலில் யோசிப்பான். குல்லாவா, குடுமியா, என்ன பெயர், எந்தத் தெரு. படர்க்கையில் எழுதப்பட்ட பக்கங்களுக்கு அந்த பயத்தின் வாசனை இருக்கிறது. ‘தண்ணீ’ரில் இந்த வித்தை இல்லை. அதன் நாயகி ஜமுனாவைத் தெரு எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அவளுக்குத் தனியாக ஒரு ‘நான்’ வாய்க்கவே இல்லை. அவளை முழுக்க வெளியிலிருந்தும் பேச்சிலிருந்தும் எழுதியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தக் கடைசிக் காட்சி. ராணுவம் வந்தாயிற்று, ரஜாக்கர்கள் ஒழிந்தார்கள், இப்போது அடி திரும்பி விழுகிறது. முஸ்லிம் குடும்பங்கள் வேட்டையாடப்படுகின்றன. கலவரத்தில் ஓடும் சந்திரசேகரன் ஒரு சுவர் ஏறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் விழுகிறான். உள்ளே பயத்தில் ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பம். தங்களைக் கொல்ல வந்தவர்களில் ஒருவன் என்று அவனை நினைத்துக்கொள்கிறார்கள். அவன் வயதுகூட இருக்காத ஒரு பெண் முன்னால் வந்து, குடும்பத்தை விட்டுவிடும்படி கேட்டு, தன் உடைகளைக் கழற்றி நிற்கிறாள். அவனுக்கு வாந்தி வருகிறது. ஓடுகிறான். நாவல் முடிகிறது.

தமிழில் சுதந்திரத்தையும் அதை ஒட்டிய கலவரங்களையும் பற்றி எழுதப்பட்டதில் இதைவிட உண்மையான பக்கத்தை நான் படித்ததில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐதராபாத் நடவடிக்கைக்குப் பின் நடந்த படுகொலைகளை விசாரிக்க நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, மிகக் குறைவாக மதிப்பிட்டாலும் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை வெளியிடப்படவில்லை. 2013 வாக்கில்தான் டெல்லியில் நேரு நினைவு நூலகத்தில் பொதுவாகப் பார்க்கக் கிடைத்தது. அரசாங்கம் அறுபத்தைந்து ஆண்டு பூட்டி வைத்திருந்ததை ஒரு தமிழ் நாவல் 1977இலேயே, ஒரு எண்கூடச் சொல்லாமல், ஒரு வீட்டு உள்ளறையில் காட்டிவிட்டது. ரஜாக்கர்களின் கொடுமையையும் மறைக்காமல் காட்டிய பிறகு இதைச் செய்தார் என்பதுதான் அதன் நேர்மை. எந்தக் கட்சியும் இந்த நாவலை மேற்கோள் காட்ட முடியாது.

இருந்தும் எனக்கு ஒரு முறையீடு உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் அதற்குமுன் நாவலில் இல்லை, அதற்குப் பின் நாவலே இல்லை. அவள் நிர்வாணம் சந்திரசேகரனைப் பெரியவனாக்குகிறது. அவன் வாந்தி எடுத்துத் தூய்மையாகி ஓடிவிட்டான். அவள்? அடுத்து அந்தச் சுவரைத் தாண்டி வந்தவன் யார்? நாவல் அவனோடு ஓடிவிட்டதால் நமக்குத் தெரியாது. பையனின் கண்களுக்கு உண்மையாக இருந்ததற்கு நாவல் கொடுத்த விலை இது. அவன் பார்த்த அளவுக்குத்தான் பார்க்க முடியும் என்பது நியாயமான பதில். ஆனாலும் அந்த வீட்டு வாசலில் வாசகன் நின்றுபோகிறான்.

நின்றவனுக்கு ‘தண்ணீர்’ பதில் சொல்கிறது என்பது என் எண்ணம். எழுதிய வரிசையில் அது முந்தியது, கதை நடக்கும் வரிசையில் பிந்தியது. ஜமுனாவுக்கு சினிமாவில் கதாநாயகி வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான் பாஸ்கர் ராவ். கார் வருகிறது, அழைத்துப் போகிறது, கொண்டுவந்து விடுகிறது. தங்கை சாயா இதைச் சகிக்க முடியாமல் விலகிப் போகிறாள். அம்மா மாமா வீட்டில் நோயாளியாகக் கிடக்கிறாள். ஜமுனாவின் உடம்பும் ஒரு பேரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சிக்கந்தராபாத் பெண்ணுக்கு ஒரு நொடியில் நேர்ந்தது இவளுக்கு வருடக்கணக்கில் தவணை முறையில் நேர்கிறது. இவள் முன்னால் வாந்தி எடுத்து ஓடுகிற நல்ல பையன் யாரும் இல்லை. தூக்குக் கயிறு வரை போய்த் திரும்புகிறாள். திரும்பினால் வாசலில் காலிக் குடம்.

அங்கேதான் டீச்சரம்மா வருகிறாள். வயதில் மிக மூத்த நோயாளிக் கணவன், சிடுசிடுக்கும் மாமியார், பள்ளிக்கூட வேலை, எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். ஜமுனாவிடம் அவள் ஆறுதல் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்கிறாள், கிட்டத்தட்டக் கணக்கு ஒப்புவிப்பது மாதிரி. அழுவதற்கு நேரமில்லாதவளின் கதை. தமிழ் நாவலில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு இப்படி உபதேசம் இல்லாமல், கட்டிப்பிடிக்காமல் பலம் கொடுத்த இடங்கள் அபூர்வம். அதற்குப் பிறகு ஜமுனாவிடம் வரும் மாற்றத்தை அசோகமித்திரன் மாற்றம் என்று சொல்லவே மாட்டார். அவள் தெருவுக்காகவும் தண்ணீர் பிடிக்க ஆரம்பிக்கிறாள், கிழவிக்குக் கை கொடுக்கிறாள், அவ்வளவுதான். அட்சக்கோடு ஓடுகிறவனின் நாவல். இது நிற்கிறவளின் நாவல். ஓட ஒரு சைக்கிளும் ஆண்பிள்ளையின் கால்களும் வேண்டும்.

எங்கள் பக்கத்து ஸ்டேஷன் திருவாலங்காடு காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த ஊர். கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கித் தலையால் நடந்தவள் என்று பெரியபுராணம் சொல்கிறது. கோயிலில் எலும்புருவாக உட்கார்ந்து தாளம் போடும் அவளைப் பார்க்கும் போதெல்லாம் ஜமுனாவின் நினைவு வருகிறது எனக்கு. உடம்பு பேரப்பொருளாகிவிட்ட பெண்ணுக்கு நம் மரபு காட்டிய பெரிய வழி உடம்பையே விட்டுவிடுவது. ஜமுனா உடம்பை விடவும் இல்லை, அதற்காக வெட்கப்பட்டு ஒடுங்கவும் இல்லை. அதே உடம்பால் குடம் தூக்குகிறாள். அம்மையாருக்குக் குறைந்த துணிச்சல் என்று இதை நான் நினைக்கவில்லை.

‘தண்ணீ’ரிலும் குறை உண்டு. பாஸ்கர் ராவ் காகிதத்தில் வெட்டிய ஆள். ஜெமினியில் பதினான்கு ஆண்டு இருந்து இப்படிப்பட்ட மனிதர்களை நெருக்கமாகப் பார்த்தவர், 1969இல் ‘கரைந்த நிழல்கள்’ எழுதி சினிமாக்காரர்களுக்கு அத்தனை பரிவு காட்டியவர், இங்கே அவனுக்கு ஒரு முகம்கூடத் தரவில்லை. அட்சக்கோட்டின் நடுப்பகுதியில் கிரிக்கெட் கொஞ்சம் நீள்கிறது, ஆட்டம் தெரியாதவர்கள் தாண்டிப் படிப்பார்கள். எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால், பெரிய நாவல் அட்சக்கோடு, முழுமையான நாவல் ‘தண்ணீர்’ என்பேன்.

பதினெட்டாவது அட்சக்கோடு என்பது வரைபடத்தில் ஐதராபாத்துக்குச் சற்று வடக்கே போகும் ஒரு கோடு. மணவூர் பதின்மூன்றாவதை ஒட்டி இருக்கிறது. எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு கோட்டின் கதை உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959இல் எல்லை மாற்றச் சட்டம், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தில். பதிலுக்கு சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. மேடைகளில் இந்தக் கதை ஆண்டுதோறும் வீரக் கதையாகச் சொல்லப்படுகிறது. வேண்டியதுதான், சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆறரை ஆண்டுகளில் இங்கே குடும்பம் நடத்தியவர்களின் கதையை நாவலாக நான் படித்ததில்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பேசி, இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த வீடுகள் இன்றும் இங்கே நிறைய. வீட்டைவிட்டு ஓர் அடி நகராமல் மாநிலம் மாறியவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் எந்த மொழி, பத்திரம் எந்த மொழியில், போராட்ட நாளில் கடையை அடைத்த தெலுங்குக்காரர் மறுநாள் யாரிடம் பால் வாங்கினார்? சத்தியவேட்டில் தமிழ் பேசிய வீடுகளுக்கு 1960 ஏப்ரல் 2 எப்படி விடிந்தது? கூட்டத்தில் பேசியவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அன்று மாட்டைத் தேடிப் போனவனும் கிணற்றடியில் நின்றவளும் எந்தப் பதிவிலும் இல்லை.

அப்போது பதினைந்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, நகரி, புத்தூர் பக்கத்து இளம் எழுத்தாளர்கள் யாராவது இதைப் படித்தால், அசோகமித்திரனின் இந்த இரண்டு நாவல்களையும் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டுமே காலச்சுவடு பதிப்பாகக் கிடைக்கின்றன. படித்துவிட்டு, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். போராட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த வருடம் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.